குறட்டையைக் கேளுங்கள், டாக்டர்

இராமநாதபுரம் கடற்கரையோர மருத்துவமனைகளில் அறுவைக்கு மயக்கம் கொடுக்கும் மருத்துவர்களுக்கும், அந்த நோயாளிகளை இரவெல்லாம் காக்கும் செவிலியர்களுக்கும், இவர்களுக்குப் படிவமும் கருவியும் ஆளும் தரவேண்டிய சுகாதாரத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் மண்டபத்துக்காரி. 31 வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் அறுவைச் சிகிச்சை வார்டு. மயக்கம் கொடுப்பது உங்கள் படிப்பு. அதில் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் தியேட்டரில் கொடுத்த மருந்தின் மிச்சம் இரவு இரண்டு மணிக்கு வார்டுக் கட்டிலில் என்ன செய்கிறது என்பதை நின்று பார்த்தவள். பருத்த உடம்புக்காரர்களுக்கு அறுவையின்போதும் பிறகும் கொடுக்கும் பலமான வலி மருந்துகளைப் பற்றி, அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2009ஆம் வருடம், ஐப்பசி மழை பிடித்திருந்த ஓர் இரவு. எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. கருவாட்டு யாவாரம் பார்க்கும் ஓர் அக்கா, 52 வயது, 104 கிலோ. பித்தப்பையில் கல். வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத் தையல். காலையில் தியேட்டரில் மார்ஃபின். சாயங்காலம் வார்டில் டிரமடால். ராத்திரி பத்து மணிக்கு ‘உசுரு போகுது சிஸ்டர்’ என்று அந்த அக்கா அழுதார். டியூட்டி டாக்டரிடம் போனில் கேட்டு, பெண்டாசோசினும் புரோமெதசினும் சேர்த்து நான்தான் போட்டேன். அந்த நாளில் வார்டுக்கு வார்டு வழக்கமாக இருந்த ஜோடி அது.

பதினொன்றரைக்குத் திரும்பப் போனேன். தூங்கிவிட்டிருந்தார். குறட்டை வராந்தா வரை கேட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘இப்பத்தான் கண்ண மூடுனாங்க, எழுப்பிறாதீங்க சிஸ்டர்’ என்றாள். முகத்தில் மாஸ்க், ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவியை விரலில் மாட்டிப் பார்த்தேன், 95. ‘நோயாளி நன்றாக உறங்குகிறார்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அன்றைக்கு அந்த வார்டில் 38 பேருக்கு நான் ஒருத்தி.

இரண்டே முக்காலுக்கு என்னைக் கூப்பிட்டது அந்த மகள் இல்லை. அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் தூங்கிப்போயிருந்தாள். காலில் ஆறாத புண்ணோடு எதிர்க் கட்டிலில் கிடந்த ஒரு பாட்டிதான், ‘ஏத்தா, அந்தப் பிள்ளையோட சத்தத்தக் காணோமே’ என்று கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை, மார்ஃபின் வகை மருந்தை முறிக்கும் நாலாக்ஸோன், தொண்டையில் குழாய், பிறகு மதுரைக்கு ஆம்புலன்ஸ். உயிர் தங்கியது. 19 நாள் கழித்து நடந்தே வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் பழைய ஆள் இல்லை. எத்தனை மூட்டை ஏறினாலும் எடை, விலை, கூலி, கழிவு எல்லாவற்றையும் காகிதமில்லாமல் வாய்க்கணக்காகச் சொன்னவர், அதன் பிறகு ஐம்பது ரூபாய் நோட்டுக்கு மீதி கொடுக்க மகளைக் கூப்பிட ஆரம்பித்தார். சந்தையில் என்னைப் பார்த்தால் சிரிப்பார். என்மேல் அவருக்குக் கோபம் கிடையாது, ஏனென்றால் அன்று என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து மகளிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘நானுந்தான எழுப்ப வேண்டாம்னு சொன்னேன்’ என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. வலியில் துடித்த தாய் தூங்கினால் எந்த மகளும் அப்படித்தான் சொல்வாள். அது தூக்கம் இல்லை என்று தெரிந்திருக்கவேண்டியவள் நான்.

அன்று எனக்குத் தெரியாததை இப்போது தெரிந்த அளவில் சொல்கிறேன். புதிதாக வார்டுக்கு வரும் பிள்ளைகளும் இதைப் படிக்கவேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன். பருத்த உடம்பை மல்லாக்கப் படுக்கவைத்தால் வயிறு மேலேறி உதரவிதானத்தை நெஞ்சுக்குள் தள்ளுகிறது. மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் தங்கும் காற்று இருக்கிறதே, அந்தச் சேமிப்பு குறைந்துபோகிறது. மெலிந்தவருக்கு மூச்சு நின்றால் நமக்குக் கிடைக்கும் அவகாசம் இவர்களுக்குக் கிடைக்காது. ஆக்ஸிஜன் மளமளவென்று இறங்கும். கழுத்தைச் சுற்றிய கொழுப்பு தொண்டையை நெருக்குகிறது. தூக்கத்தில் நாக்கு பின்னால் சாய்ந்ததும் வழி அடைகிறது. வீட்டில் தினமும் இது நடக்கத்தான் செய்யும். ஆனால் மூச்சு அடைத்ததும் மூளை அரைகுறையாக விழித்து, ஒரு பெரிய இழுப்போடு வழியைத் திறந்துவிடும். குறட்டைக்கு நடுவே ஒரு மௌனம், பிறகு திடீரென்று ஒரு திணறல் என்று வீட்டார் சொல்வது இதைத்தான்.

கடலில் தங்கல் போகும் படகில் எல்லோரும் உறங்கினாலும் ஒருவர் விழித்திருப்பார். மூளைக்குள்ளும் அப்படி ஒருவர் உண்டு. மார்ஃபின், ஃபென்டனில், பெத்திடின், பெண்டாசோசின், டிரமடால் என்று ஓபியாய்டு எனப்படும் பலமான வலி மருந்து வகையைச் சேர்ந்தவை, ஒன்றில் கூடவும் ஒன்றில் குறையவுமாக, அந்தக் காவல்காரரையும் தூங்கவைத்துவிடும். வலியோடு சேர்ந்து மூச்சின் உந்துதலும் மங்கும். தொண்டைத் தசை இன்னும் தளரும். அடைத்தால் விழிக்கவேண்டிய மூளை விழிக்காது. கூடவே தூக்கம் தரும் புரோமெதசினையும் நான் கொடுத்தேன்.

இன்னொன்றும் அன்று எனக்குப் புரியவில்லை. ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருக்கும் நோயாளிக்கு விரல் கருவி வெகுநேரம் நல்ல எண்ணையே காட்டும். மூச்சு குறைந்து கரியமில வாயு ஏறிக்கொண்டே இருக்கும். 95 என்ற எண் அதைச் சொல்லாது. முழுதாக ஒரு நிமிடம் வயிற்றில் கை வைத்து மூச்சை எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். தோளைத் தட்டிப் பெயரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் அறுவைக்குப் பிறகு ஓபியாய்டால் மூச்சு ஒடுங்கி இழப்பீட்டு வழக்கான 92 நிகழ்வுகளை அலசி 2015ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் 88 விழுக்காடு அறுவை முடிந்த முதல் 24 மணி நேரத்துக்குள் நடந்தவை. 62 விழுக்காட்டில் நோயாளி அளவுக்கு மீறிக் கிறங்கியிருந்ததை யாரோ முன்பே கவனித்திருக்கிறார்கள். நல்ல கண்காணிப்பு இருந்திருந்தால் 97 விழுக்காட்டைத் தடுத்திருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் தீர்ப்பு எழுதினார்கள். இதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வார்டு என்ன செய்தது என்பதையும் மறைக்கக்கூடாது. பயந்துவிட்டோம். எடை கூடிய நோயாளி வந்தால் பலமான ஊசியே கிடையாது என்று எழுதாத சட்டம் ஒன்று உருவாகிவிட்டது. ஒரு டைக்ளோஃபினாக் ஊசி, அதற்கு மேல் கேட்டால் ‘உடம்பக் குறைங்க, வலி தானாக் குறையும்’ என்ற பேச்சு. வலியில் மூச்சை ஆழ இழுக்கப் பயந்து, இருமப் பயந்து, எழுந்து உட்காரப் பயந்து கிடந்தவர்களுக்குச் சளி கட்டி நுரையீரல் சுருங்கியது. தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு லாத்தா ஐந்தாம் நாள் நிமோனியாவோடு மதுரைக்குப் போனார். நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும். அதுவும் இவர்களுக்குத்தான் அதிகம். மருந்தைக் கொடுத்து ஒருவரைக் கெடுத்தோம். கொடுக்காமல் இன்னொருவரைக் கெடுத்தோம்.

ஆகவே, பருமனான நோயாளிக்கு ஓபியாய்டைத் தவிர்க்கச் சொல்லி ஒரே வரியில் உத்தரவு போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதை நாங்களே போட்டுப் பார்த்துவிட்டோம். 1985ஆம் வருடத்துப் போதைமருந்துச் சட்டத்துக்குப் பயந்து மார்ஃபினே வாங்கி வைக்காத சிறு மருத்துவமனைகள் எத்தனையோ உண்டு. 2014ல் மருத்துவத் தேவைக்காகச் சட்டத்தை இளக்கிய பிறகும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. 2018ல் டிரமடாலும் அதே சட்டத்துக்குள் வந்துவிட்டது. அலமாரியில் இல்லாததால் கொடுக்காமல் இருப்பதை ஓபியாய்டு இல்லாத மயக்கமுறை என்று சொல்லமுடியாது. அதற்குத் திட்டம் வேண்டும்.

அந்தத் திட்டம் எப்படி இருக்கும் என்பதை 2019ல் என் வீட்டிலேயே பார்த்தேன்.

என் தம்பி பெண்சாதிக்குத் தொப்புளில் குடலிறக்கம். 118 கிலோ, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. மதுரையில் அறுவை. முதல்நாள் மயக்க டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எடுத்தவுடன் அவர் கேட்டது குறட்டையைப் பற்றி. என் தம்பி, ‘போட்டு இன்ஜினே தேவல சார், நான் திண்ணைலதான் படுக்கிறது’ என்றான். டாக்டர் சிரிக்கவில்லை. நடுவே மூச்சு நிற்கிறதா, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறதா, பிரஷருக்கு மாத்திரை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். வயது, உடல் நிறை எண் (உயரத்தோடு எடையை ஒப்பிட்டுப் போடும் பி.எம்.ஐ. கணக்கு) 35ஐத் தாண்டுகிறதா என்பது, ஆணா பெண்ணா என்பது எல்லாம் குறித்துக்கொண்டார். கடைசியாகப் பையிலிருந்து தையல்காரர் டேப் ஒன்றை எடுத்துக் கழுத்தைச் சுற்றி அளந்தார். 43 சென்டிமீட்டர். டொரண்டோவில் ஃபிரான்சிஸ் சங் என்ற மயக்கவியல் மருத்துவரின் குழு 2008ல் வெளியிட்ட ஸ்டாப்-பேங் என்ற எட்டுக் கேள்விகள் இவை. கழுத்துக்கு வைத்த எல்லை 40. மூன்று கேள்விக்கு ஆம் என்றால் எச்சரிக்கை, ஐந்தோ அதற்கு மேலோ என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் பலமாக இருக்க வாய்ப்பு. என் மதினிக்கு ஆறு. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. 2009ல் அந்த அக்காவிடம் இதை ஒருவரும் கேட்கவில்லை.

‘மார்ஃபின், ஃபென்டனில் எதுவும் இல்லாமச் செய்யப் பார்க்கிறேன் சிஸ்டர்’ என்றார் டாக்டர். நான் வெளிப்படையாகவே பயந்தேன். வலியை எதைக்கொண்டு அடக்குவீர்கள் என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொல்ல, எல்லாமே நான் வாழ்நாள் முழுக்கக் கையில் எடுத்த குப்பிகள் என்பது புரிந்தது. கெட்டமின், சின்னத் தியேட்டர்களில் பழைய டாக்டர்கள் போட்ட அதே மருந்து, இங்கே வெகு குறைந்த அளவில். மக்னீசியம் சல்ஃபேட், பிரசவ வார்டில் ஜன்னி வலிப்புக்குப் போடுவது. வலி நரம்புகளின் கிளர்ச்சியைத் தணிக்கும் குணமும் அதற்கு உண்டாம். பாராசிட்டமால். டெக்ஸாமெதசோன், வாந்திக்கும் வீக்கத்துக்கும். சர்க்கரை ஏறும், அதனால் அடிக்கடி பார்க்கவேண்டும் என்றார். டெக்ஸ்மெடிடோமிடின் ஒன்றுதான் எனக்குப் புதிது. தட்டினால் விழிக்கக்கூடிய தூக்கத்தைத் தரும். ஓபியாய்டு போல மூச்சை ஒடுக்காது. ஆனால் இதயத்துடிப்பைக் குறைக்கும். இவற்றோடு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தும் ‘டாப்’ பிளாக். லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றும் முறையும் உண்டு, பிளாக் போடுவதால் அது வேண்டாம், இரண்டும் ஒரே இனம், சேர்ந்தால் அளவு மீறிவிடும் என்றார். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருந்ததால் டைக்ளோஃபினாக்கும் கிடையாது.

வலி ஒரே பாதையில் மூளைக்குப் போவதில்லை. தையல் போட்ட இடத்தில் கிளம்பி, நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, அங்கே பெருகி, பிறகு மூளைக்குப் போகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மறித்தால் ஒரே இடத்தில் பெரிய அணை கட்டவேண்டியதில்லை. டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட் என்ற அறுவை மருத்துவர் 1993லேயே இந்தக் கூட்டு வழியை எழுதிவிட்டார். பெல்ஜியத்தில் புரூஜ் நகரத்து மயக்கவியல் மருத்துவர் யான் முலியர், எடைக்குறைப்பு அறுவைக்கு வரும் பெரிய உடம்புக்காரர்களுக்கு ஓபியாய்டே இல்லாத மயக்கத்தைப் பல வருடமாகச் செய்து பரப்பியவர். 2014ல் வந்த ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட அறுவைக்கு வந்த 119 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். வழக்கமான முறையில் 37 விழுக்காட்டினருக்கு வாந்தியும் குமட்டலும். ஓபியாய்டு இல்லாத முறையில் 20 விழுக்காடு. அந்த இரண்டாம் கூட்டத்துக்குக் கொடுத்த, வாந்தியைக் குறைக்கும் குணமுள்ள புரோபோஃபால் என்ற மயக்க மருந்துக்கும் இதில் பங்கு உண்டுதான். வாந்தி சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். வயிற்றில் புதுத் தையலோடு குமட்டி எடுக்கும் ஒரு நோயாளியின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் தெரியும்.

மறுநாள் நடந்ததை என் மதினி சொல்லிக் கேட்டதும் நான் கண்ணால் பார்த்ததுமாகச் சொல்கிறேன். மயக்கம் கொடுக்குமுன் தலைக்கு மட்டும் தலையணை வைக்காமல் முதுகிலிருந்தே போர்வைகளை அடுக்கி, காதுத் துவாரமும் நெஞ்செலும்பின் மேல் குழியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை உயர்த்தினார்களாம். ‘சாய்வு நாற்காலில உக்காந்த மாதிரி இருந்துச்சு மதினி’ என்றாள். வார்டிலும் தலைப்பக்கம் 30 பாகை தூக்கியே இருந்தது. செவிலியர் மேசைக்கு நேர் எதிர்க் கட்டில். விரல் கருவி இரவெல்லாம் கழற்றப்படவில்லை. பாராசிட்டமால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், கடிகாரப்படி.

வலியே இல்லாமல் போகவில்லை. சாயங்காலம் பிளாக்கின் வேகம் குறைந்ததும் இருமும்போது பத்துக்கு ஆறு என்றாள். டாக்டர் வந்து பார்த்து, 2 மில்லிகிராம் மார்ஃபின் ஒரே ஒருமுறை கொடுத்தார். செவிலியர் ஒருவர் கட்டிலோரத்தில் அரைமணி நேரம் நின்று மூச்சை எண்ணினார். எனக்கு அந்த டாக்டர்மேல் மரியாதை வந்ததே அந்த இடத்தில்தான். ஓபியாய்டு இல்லாமல் செய்து காட்டினேன் என்ற பெயருக்காக அவளை வலியில் விட்டுவைக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வராந்தாவில் நடந்தாள். நான்காம் நாள் பாம்பனுக்கு வந்துவிட்டாள்.

இந்த முறையை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள் என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். 2021ல் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. பலவகை அறுவைக்கு வந்தவர்களில் ஒரு பாதிக்கு ரெமிஃபென்டனில் என்ற ஓபியாய்டு, மறுபாதிக்கு டெக்ஸ்மெடிடோமிடின். 314 பேரோடு பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் டெக்ஸ்மெடிடோமிடின் பக்கத்தில் ஐந்து பேருக்கு இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்கு விழுந்தது. பிறகு தேவைப்பட்ட மார்ஃபினும் வாந்தியும் அந்தப் பக்கத்தில் குறைவுதான், ஆனால் ஆக்ஸிஜன் குறைவு அவர்களுக்குத்தான் அதிகம். லிக்னோகெய்னும் விளையாட்டு மருந்து இல்லை. தராசு எடைக்கு இல்லை, உயரத்துக்கு உரிய எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, இசிஜி மானிட்டர் இல்லாமல் ஏற்றக்கூடாது. அதனால் ஓபியாய்டை முடிந்த அளவு குறைத்து, முடிந்தவருக்கு அறவே தவிர்த்து, தேவைப்பட்டால் கண்காணிப்போடு துளி கொடுக்கும் பாதைதான் நம் ஊருக்கு ஏற்றது என்பது என் எண்ணம்.

நம் ஊருக்கு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. மண்டபத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து இன்னும் அதிகம், நடுவில் கடல்பாலம். இராமநாதபுரத்தில் 2022ல் மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் சாயல்குடிப் பக்கமோ தொண்டிப் பக்கமோ ஒரு சின்னத் தியேட்டரில் நடு இரவில் மூச்சு நின்றால், வென்டிலேட்டர் வரை போய்ச் சேர்வதற்குள் மூளைக்கான நிமிடங்கள் தீர்ந்துவிடும். பெரிய நகரத்தில் தப்பு நடந்தால் பக்கத்துக் கட்டடத்தில் திருத்தலாம். நம்மிடம் அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை.

நோயாளிகளும் கூடிக்கொண்டே போகிறார்கள். 2015–16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 31 விழுக்காட்டினர் உடல் நிறை எண் 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். 2019–21ல் அது 40 விழுக்காடு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாதத்துக்கு ஒருவர் வந்தால் பேசிக்கொள்வோம். ஓய்வு பெறும்போது வார்டில் நாலைந்து கட்டிலில் இருந்தார்கள். ஏன் இப்படி ஆனது என்பது வேறு மடலுக்குரிய விஷயம். அறுவைக்கு வந்துவிட்ட பிறகு அதைப் பேசுவதில் யாருக்கும் பயனில்லை. ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது முகம் சுளிப்பதையும், ‘இத யாரு தூக்குறது’ என்று காதில் விழப் பேசுவதையும் நிறுத்தினால் போதும். அப்படிக் கேட்டுக் கூனிக்குறுகிய நோயாளி, வலித்தாலும் வாய் திறந்து சொல்லமாட்டார். நான் பார்த்திருக்கிறேன்.

இனி நான் கேட்பது.

மயக்க மருத்துவர்களே, முன்பரிசோதனைத் தாளில் குறட்டைக்கு ஒரு கட்டம் போடுங்கள். நோயாளியை மட்டும் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது. கூடப் படுப்பவரைக் கேளுங்கள். வலி மாத்திரை தின்கிறாரா என்றும் கேளுங்கள். படகுக்குப் போகிறவர்களும் தலைச்சுமை தூக்கும் பெண்களும் இடுப்புவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் வாங்கி வருடக்கணக்காக விழுங்குகிறார்கள்; அவர்கள் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கும் என்பது பார்த்தால்தான் தெரியும். மருந்தின் அளவைப் போடும்போது தராசு காட்டும் எடையை அப்படியே எடுக்காதீர்கள் என்று சொல்வது உங்களுக்குத் தேவையில்லை, ஆனால் இரவில் டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்குத் தேவை. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு உரிய எடை 45 கிலோ அளவுதான். அவர் 104 கிலோ ஆனதற்காக மூளை இரண்டு மடங்காகிவிடுவதில்லை. எந்த மருந்துக்கு எந்த எடை என்பதைத் தாளில் எழுதிவிட்டுப் போங்கள்.

தியேட்டரிலிருந்து நோயாளி வெளியே வரும்போது அவரோடு வலிக்கான திட்டமும் எழுத்தில் வரவேண்டும். பாராசிட்டமால் எத்தனை மணிக்கு, பிளாக் எப்போது தேய ஆரம்பிக்கும், அப்போது அடுத்து எது, அதுவும் போதாவிட்டால் யாரைக் கூப்பிடுவது. ‘வலித்தால் ஊசி’ என்று மட்டும் எழுதிய தாளைத்தான் அன்று இரவு நான் கையில் வைத்திருந்தேன்.

அறுவை மருத்துவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. தையல் போடும்போது காயத்தின் ஓரங்களில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்த உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகும். எங்களுக்கு அது நோயாளி வலியில்லாமல் கிடக்கும் பல மணி நேரம்.

செவிலியப் பிள்ளைகளே, உங்களிடம் எனக்கு உரிமை அதிகம். அறுவை முடிந்த பெரிய உடம்புக்காரர் குறட்டை விட்டால், தட்டிப் பெயரைக் கேளுங்கள். கண் திறந்து முழுதாகப் பேசுகிறாரா, பேச்சின் நடுவிலேயே கண் சொருகுகிறதா? சொருகினால் அடுத்த ஊசி கிடையாது, டாக்டரைக் கூப்பிடுங்கள், வீட்டார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், நடுவில் வரும் மௌனம் அந்தப் பதினைந்துக்குள் வராது. மல்லாக்கப் படுக்க விடாதீர்கள். தூக்க மருந்தும் ஓபியாய்டும் சேர்த்து எழுதியிருந்தால் ஒருமுறை போனில் திருப்பிக் கேளுங்கள். கேட்டதற்காகத் திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்ளுங்கள். நாலாக்ஸோன் எந்த டிரேயில் இருக்கிறது என்பது இருட்டில்கூட உங்கள் கைக்குத் தெரியவேண்டும்.

சுகாதாரத் துறைக்கு. மருந்துகளுக்குப் பெரிய செலவில்லை. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே உங்கள் ஸ்டோரில் இருக்கின்றன. அல்ட்ராசவுண்டு கருவி மகப்பேறு வார்டில் இருக்கிறது. தியேட்டருக்கு ஒன்று தரும்வரை அதை நகர்த்த அனுமதி கொடுங்கள். பிளாக் போடும் இடத்தில் எல்லாம், மரப்பு மருந்து அளவு மீறினால் கொடுக்கும் கொழுப்புக் கரைசல் ஒரு புட்டியாவது இருக்கவேண்டும். கொரோனா நேரத்தில் வந்த மானிட்டர்களில் சில உறை பிரிக்காமல் மூலையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்; அவற்றை அறுவை வார்டின் முதல் இரண்டு கட்டிலுக்குக் கொண்டுவாருங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையில் அகலமானது வார்டுக்கு ஒன்று வேண்டும், பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத கொதிப்பைக் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் இன்னும் ஒரு செவிலியர். 38 பேருக்கு ஒருத்தி நின்றுகொண்டு யாருடைய மூச்சையும் முழு நிமிடம் எண்ணமுடியாது. நான் முயன்று பார்த்தவள்.

வீடுகளில் இருப்பவர்களும் இதைப் படித்தால், அறுவைக்கு உங்கள் ஆளைக் கூட்டிப்போகும்போது கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: ‘இவங்க குறட்டை விடுவாங்க டாக்டர், நடுவுல மூச்சு நிக்கும்.’ அதற்கு வெட்கப்படவேண்டாம்.

இந்த மடலின் பிரதியோடு பத்துத் தையல் டேப்புகளை வாங்கி வைத்திருக்கிறேன். 40 சென்டிமீட்டரில் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டிருக்கிறேன். இந்த மாவட்டத்தில் எந்த அறுவை வார்டு கேட்டாலும் ஒன்றைக் கொண்டுவந்து பிரஷர் கருவிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, கூடவே இரவு டியூட்டிப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவேன். முதல் டேப்பின் முடிச்சை அந்தக் கருவாட்டுக்கார அக்காவின் மகள் போட்டுக்கொடுத்தாள். காலை ஐந்தரை பஸ்ஸில் ஏறினால் ஏழு மணிக்குள் இராமநாதபுரம் வந்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மண்டபம்.